பெரியம்மா தண்ணீர் குடிக்கப் பழகியது

பெரியம்மா ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு மடக்கு குடிப்பாள். மீதியைச் சன்னலோரத்துச் செடியில் ஊற்றிவிடுவாள். அவளுக்குத் தாகமே எடுக்காது என்று சின்ன வயதில் நினைத்தேன். பிறகு, செடி மேல் பிரியம் போல என்று நினைத்தேன். காரணம் தெரிவதற்கு எனக்கு இருபத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நாங்கள் ஒரே அறையில்தான் படுத்தோம்.

அம்மாவின் அக்கா அவள். கல்யாணமான இரண்டாம் வருடமே கணவனை விட்டு எங்களோடு வந்து சேர்ந்தவள். பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், பதினோராவது மாடியின் கழிப்பறைகளைக் கழுவுவது அவள் வேலை. நீலச் சீருடை, முழங்கை வரை ரப்பர் கையுறை, சக்கரம் வைத்த வாளி. வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "பதினாலு வருஷமா ஆறு கக்கூஸுக்கு நான்தான் மகாராணி. சிம்மாசனத்துல உக்காரத்தான் விட மாட்டாங்க" என்பாள். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அதைச் சிரிப்புக்காகச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

நான் பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம், அவளுக்குக் குளிர் காய்ச்சலும் முதுகுவலியும் வந்தது. மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது, மற்றது களைத்துப்போயிருக்கிறது என்றார்.

"தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா. வந்தா உடனே போயிடணும், அடக்கவே கூடாது. இப்படியே விட்டீங்கன்னா, வாரத்துக்கு ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல படுக்க வேண்டியதுதான்."

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு நோயைக் கண்டால் அதைப் படித்தே விரட்டிவிடலாம் என்று நம்பினேன். தன்னைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். உடம்பு மட்டும் போதாது, மனம், உறக்கம், உறவு, தனிமை எல்லாம் சேர்ந்தால்தான் முழுமை என்றிருந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தண்ணீர், நடை, தூக்கம், உட்கார்ந்து சாப்பாடு, மனம்விட்டுப் பேச்சு, தனக்கென்று அரை மணி. ஆறு வரிசை, ஏழு நாள். அறைக்கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

பெரியம்மா கடைசி வரிசையில் விரலை வைத்தாள். "தனக்குன்னா யாருக்குடி?"

"உனக்குத்தான் பெரியம்மா."

"அந்த அரை மணி நீ எங்க இருப்ப?"

"நான் வெளிய போயிடறேன்."

"அப்போ நீ எங்க போனியோன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். நல்ல வைத்தியம்."

ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். ஆறு வாரமும் ஒரு கட்டம்கூட விடவில்லை. வாரத்துக்கு ஒரு புதுத் தாள் ஒட்டும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை மறுபடி ரத்தம் பார்த்தார்கள். முன்பைவிட மோசம். மருத்துவர் என்னைத்தான் கேட்டார்: "தண்ணி குடிக்கிறாங்களா, இல்லையா?" கட்டாயம் குடிக்கிறாள் என்று அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தித் தாளைப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. இன்னும் விடியாத நாட்களுக்கும்.

"என்ன பெரியம்மா இது?"

"அதுக்கு ஏன்டி இப்படிக் கத்துற? கதவுல தாள் ஒட்டினா அப்படித்தான் போடுவோம். வேலை எடத்துலயும் கக்கூஸ் கதவுல தாள் இருக்கு, கழுவியாச்சுன்னு மணிக்கு ஒரு கையெழுத்து போடணும். காலைல போனதும் ஒரே மூச்சுல பத்தையும் போட்டுட்டுத்தான் வாளியைத் தூக்குவோம். இல்லேன்னா கையெழுத்து போடறதுக்கே தனி ஆள் வைக்கணும்."

அவள் ஏமாற்றவில்லை. கதவில் தாள் ஒட்டுபவர்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்திருக்கிறாள். அந்த வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன் என்பதுதான் உறைத்தது.

"ஏன் குடிக்க மாட்டேங்கிற?" என்று அன்றுதான் கேட்டேன். அன்றுதான் சொன்னாள். பதினோராவது மாடியில் அவள் கழுவும் எதையும் அவள் உபயோகிக்கக் கூடாது. வேலையாட்களுக்கானது கீழே, வண்டி நிறுத்தும் தளத்தின் மூலையில் இருக்கிறது. சாமான் ஏற்றும் லிப்டுக்குக் காத்திருந்து போய்வர இருபது நிமிடம் ஆகும். மேற்பார்வையாளர் நிமிடத்தை எண்ணுவார். குடிக்காமல் இருப்பதே சுலபம். தூங்கினாயா, நடந்தாயா என்று கட்டம் போட்டுக் கேட்ட நான், அவளுக்குப் போக இடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

அதே மாடியில் மேசைகளைத் துடைக்கும் பெண்ணிடம் பெரியம்மா மருத்துவர் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். வெடி என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவார்கள். அவள் சிரித்தால் இரண்டு மாடி தாண்டிக் கேட்குமாம். மறுநாளே, தரை ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகையைப் பெண்கள் கழிப்பறை வாசலில் நிறுத்தினாள்.

"அக்கா, உள்ள போ. நான் இங்க துடைச்சுக்கிட்டே நிக்கறேன். எவ வந்தாலும் வழுக்கும்னு சொல்லி அனுப்பிடறேன்."

"யாராவது பாத்துட்டா?"

"பாத்தா பாக்கட்டும். நாம கழுவுன எடத்துல நாம உக்காந்தா கட்டடமா இடிஞ்சு விழும்? போக்கா, சீக்கிரம். வரம் வாங்கப் போற மாதிரி நிக்காத."

ஒரு நாளைக்கு மூன்று முறை. பெரியம்மா வீட்டிலிருந்து பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனாள், காலியாகக் கொண்டுவந்தாள். நான் போட்ட மற்றக் கட்டங்களும் ஏனோ தானாக நிரம்பின. இருவரும் பின்படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு முடியாததால் ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கி நடந்தார்கள். ஞாயிறு மதியம் பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை கேட்டாள். யார் ஜெயித்தது என்று கேட்டால், "யாருக்குத் தெரியும்? அந்த ஆளு மூச்சு விடாமப் பேசறது நல்லா இருக்கு" என்பாள். தாளைக் கிழித்துப் போட்டேன். நான்காவது மாதம் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக எண் இறங்கியது. மெஷின் பேச்சை மருத்துவர் விட்டுவிட்டார்.

ஐந்தாவது மாதம், அதிகாரி ஒருத்தி பலகையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். வெடி தண்ணீர் மாற்றப் போயிருந்த நேரம். தடுப்பிலிருந்து வெளியே வந்து வாளிப் பக்கம் திரும்பிய நீலச் சீருடையின் முதுகு மட்டும் அந்த அதிகாரியின் கண்ணில் பட்டது. புகார் போயிற்று. அந்த மாடியில் அதே சீருடை போட்ட இருவரையும் மேலாளர் கூப்பிட்டு நிறுத்தி, யார் என்றார். பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் வெடி சொன்னாள்: "நான்தான் சார். எனக்குச் சர்க்கரை. அடக்க முடியாது." அவளுக்குச் சர்க்கரையும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஊரின் மறுகோடியில் இருந்த கிடங்குக்கு அவளை மாற்றினார்கள். இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். சர்க்கரைக்காரி என்றதில் மேலாளர் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். பத்தாவது மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு கழிப்பறையை வேலையாட்களுக்குத் திறந்துவிட்டார்.

அன்றைக்குப் பெரியம்மா சாப்பிடவில்லை. "நாளைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன். அவ இல்ல, நான்னு."

நான்தான் தடுத்தேன். "வேண்டாம் பெரியம்மா. உன்னை அங்க தூக்கிப் போட்டா, அங்க எப்படியோ, என்னவோ. இப்பதான் உடம்பு தேறி வருது. முதல்ல உன்னைப் பாத்துக்கோ. அவங்க விரும்பித்தானே சொன்னாங்க?"

நான் படித்ததிலெல்லாம் அப்படித்தான் இருந்தது. அதை எங்கே நிறுத்துவது என்று எதிலும் இல்லை. இருந்து, நான் தாண்டிப் போயிருக்கவும் கூடும்.

பெரியம்மா தொடாத தட்டை மூடி வைத்தாள். "படிச்சவ சொல்ற. சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

வெடி முதலில் வாரா வாரம் போன் பண்ணுவாள். ஒரே கேள்விதான். "அக்கா, தண்ணி குடிக்கிறியா?" குடிக்கிறேன் என்பாள் பெரியம்மா. போனை வைத்ததும், "அடுத்த வாரம் சொல்லிடறேன்" என்று என்னிடம் சொல்வாள். பிறகு போன் மாதத்துக்கு ஒன்று ஆயிற்று, பிறகு நின்றது. அந்த அடுத்த வாரம் ஐந்து வருடம் ஓடியது.

ஓய்வு பெற்ற நாளில் மேலாளர் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் புதியவர். "எந்தம்மா? இங்கயா வேலை பாத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, "பழைய கதை, விடுங்கம்மா" என்று ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதை அவள் பிரிக்கவே இல்லை. மறுநாள் கிடங்குக்குப் போனாள். வெடி அதற்கு முந்தின வருடமே வேலையிலிருந்து நின்றுவிட்டாளாம். முழங்கால் தேய்ந்துவிட்டது, பஸ் ஏற முடியவில்லை என்று வாசலில் இருந்த பெண் சொல்லியிருக்கிறாள். "அந்தச் சிரிப்பை இங்க எப்படித் தாங்குனீங்க?" என்று பெரியம்மா கேட்டாளாம். "சிரிப்பா? அந்தம்மா இங்க வாயே திறக்காதுங்க."

பெரியம்மா போன வருடம் தூக்கத்திலேயே போனாள். இதயம். சிறுநீரகம் கடைசி வரை சரியாகவே இருந்தது.

வெடியின் பழைய எண்ணை இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். வீடு மாற்றிப் போன தெருவை ஒருவர் சொன்னார், அங்கேயும் இல்லை. கண்டுபிடித்தாலும், பெரியம்மா சொல்ல வேண்டியதை நான் சொன்னால் அது சேருமா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டதில் எத்தனை பங்கு பெரியம்மாவுடையது, எத்தனை பங்கு என்னுடையது என்றும் பிரிக்கத் தெரியவில்லை. வெடி இருக்கும் இடம் அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும் என்று, அந்தக் கிடங்குப் பக்கம் போகும் பஸ்ஸில் இதுவரை மூன்று தடவை ஏறியிருக்கிறேன்.