கழற்றிவிட்ட ஏழு ஹைட்ரஜன்கள்

அந்தச் சனிக்கிழமை காலையில் கணினித் திரையில் வந்த வரைபடக் கோட்டைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமே இல்லை.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில மூலக்கூறுகள் வெளிச்சம் பட்டால் இரண்டு துண்டாகும். ஒவ்வொரு துண்டிலும் ஜோடியில்லாத எலக்ட்ரான் ஒன்று இருக்கும். அவற்றின் சுழற்சி எதிரெதிராக இருந்தால் துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பக்கத்தில் காந்தத்தை வைத்தால் ஒட்டும் அளவு மாறும். எவ்வளவு மாறும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் என் ஆராய்ச்சி.

சுற்றியுள்ள ஹைட்ரஜன்களும் அந்தச் சுழற்சியைப் பிடித்து இழுக்கும். அதுதான் தலைவலி. ஒரு ஹைட்ரஜனைக் கூடுதலாகச் சேர்த்தால் கணக்கின் அட்டவணை நான்கு மடங்கு பெருத்துவிடும். அதனால் பலமாக இழுப்பவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். என் மடிக்கணினி தாங்காது என்று நானும் என் மூலக்கூறில் இருந்த ஒன்பதில் இரண்டை வைத்துக்கொண்டு ஏழைக் கழற்றிவிட்டேன். 'இவற்றின் பங்கு மிகக் குறைவு' என்று பெரிய மேதாவி மாதிரி ஒரு வரியும் எழுதிவைத்தேன்.

காந்தத்தின் பலம் கூடக்கூட ஒட்டும் அளவு எப்படி மாறுகிறது என்று வரைந்த கோட்டில் அழகான பள்ளம் ஒன்று விழுந்தது. சின்னக் காந்தப்புலத்திலேயே ஒட்டும் அளவு சட்டென்று குறைந்தது. அந்தப் படத்தை எங்கள் துறைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் சீனியர் அக்காவிடம் கொடுத்தேன். என்னைவிட ஒரு வருஷம் மூத்தவர். லேசரும் காந்தச்சுருளுமாக ஒரு வருஷம் உட்கார்ந்து அதே பள்ளத்தை அளந்து காட்டினார். வருகிற திங்கட்கிழமை அவர் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி இப்போதுதான் எனக்குக் கிடைத்தது. ஆசைக்கு ஒன்பதையும் சேர்த்து ஓட்டினேன். பள்ளம் போயே போய்விட்டது. மூன்று முறை ஓட்டியும் அதே கதைதான்.

அக்கா கல்வராயன் மலையில் வெள்ளிமலை ஊர்க்காரர். லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. கடை திறக்கக் கிளம்பிய அத்தா, மகள் முகத்தைப் பார்த்து நின்றார்.

"இன்னாம்மா, மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது?"

"வெள்ளிமலைக்குப் போகணும்த்தா. இப்பவே."

கடைக்குப் போகாமல் என்னைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இல்லாத பள்ளத்தை அக்கா எப்படி அளந்தார்? பொய் சொல்கிற ஆள் இல்லை அவர்.

அக்கா வாசலில் மரவள்ளிக்கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்துகினு கீற?"

மடிக்கணினியைத் திறந்து பழைய கோட்டையும் புதிய கோட்டையும் காட்டினேன். "நான் குடுத்த பள்ளம் தப்புங்கக்கா. ஒம்பதையும் சேத்தா அது இல்லவே இல்ல."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் கிழங்கு மண்ணோடு இருந்த விரலைப் புதிய கோட்டின் மேல் வைத்தார்.

"இது எனக்கு வந்துச்சிடி."

"எதுங்கக்கா?"

"இதான், பள்ளம் இல்லாதது. முக்காவாசி நாளு இதான் வரும். உன் படத்துல பள்ளம் கீதேன்னு, அது வராத நாள்லாம் லேசர்ல கோளாறுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

"பள்ளம் வந்த நாளு?"

"ரொம்பக் கம்மி. அத மட்டும் சேத்துத்தான் படம் போட்டேன்."

பள்ளம் வந்த அந்தச் சில நாட்களில்தான் கோளாறு. மற்றபடி ஒரு வருஷமாக அவர் கருவி சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. என் படத்தை நம்பி அவர் தன் கருவியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"தூக்கிப் போட்டது எங்கக்கா கீது?"

"டிஸ்க்குல எடம் பத்தல. அழிச்சிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை, அது இன்னும் கொடுமையாக இருந்தது. திங்கட்கிழமை அவர் ஆய்வேட்டை ஒப்படைக்கவில்லை. ஆய்வு வழிகாட்டியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து லேசர் முன்னால் உட்கார்ந்தார். நான் சரியான கோட்டை அச்செடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமலே மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நான் அளந்து முடிக்கிற வரைக்கும் உன் கோட்ட என் கண்ணுல காட்டாதடி."