கையெழுத்துக்குக் காத்திருந்த வாரம்

மலாயா விடுதலை பெறும் மெர்டேக்காவுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் யாருக்கும் உட்கார நேரமில்லை. அப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர்; காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் அவர் வேலை. அதற்கு மேல் எங்கள் வட்டாரத் தமிழர் மன்றத்தின் செயலாளர். செயலாளர் என்றால் நாற்காலி இரவல் கேட்பதிலிருந்து பேச்சாளருக்குச் சோடா வாங்கி வைப்பது வரை எல்லாம் அவர் தலையில்தான் விழும். அந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சாயந்தரம் கூட்டம். ஐந்து நாளும் ஒரே விஷயம்தான்: குடியுரிமைக்குப் பெயர் பதியுங்கள், இதுதான் இனி நம் நாடு. எழுதத் தெரியாதவர்களுக்கு அப்பாவே பாரம் நிரப்பிக் கொடுப்பார்.

எனக்கு வேறு கவலை. வயது பதினெட்டு. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை தேறியிருந்தேன். கோலாலம்பூரில் இரண்டு வருடம் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி படிக்க விண்ணப்பப் பாரம் வாங்கி, என் பக்கத்தை எழுதி முடித்து, அப்பாவின் மேசை மேல் வைத்திருந்தேன். பின்பக்கத்தைத் தகப்பனார் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கல்வி இலாகாவில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். அதற்குள் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே ஜாதகம் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

திங்கட்கிழமை கேட்டேன். "பாக்கிறேன்மா" என்றார். செவ்வாய்க்கிழமை, "கூட்டமெல்லாம் முடியட்டும்மா" என்றார். புதன்கிழமை நாங்கள் இருவரும் வழக்கமாக ஆடும் கேரம் ஆட்டத்தின் நடுவே கேட்டேன். ரெட் காயைக் குழியில் தள்ளுவதில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று குழியோரம் நின்ற காயைக்கூடத் தவறவிட்டார். "ஆட்டத்துல பேசாதேம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு எழுந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "உங்கப்பாகிட்ட ஒரு காரியம் ஆகணும்னா மன்றத்துக்கு மனு எழுதிப் போடு" என்றாள்.

கூட்டத்துக்கு ஆள் சேர்த்ததும் கேரம்தான். வெறும் பேச்சு என்றால் பத்துப் பேர் வருவார்கள். அதனால் அப்பா ஒரு போட்டி ஏற்பாடு செய்தார். யார் யாரோடு ஆடுவது என்ற சீட்டை மட்டும் பேச்சு முடிந்த பிறகுதான் எடுப்பார். மேடையில் ஒருவர் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருக்க, பின்வரிசையில் இளவட்டங்கள் தொடை மேல் விரலைச் சுண்டிப் பழகிக்கொண்டிருப்பார்கள். பேச்சு நீண்டால் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கவே நான் போவேன்.

கூட்டம் நடந்த கொட்டகை கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்காரர்களுடையது, அவர்கள் கோயிலை ஒட்டியது. இடம் கொடுத்தவர்களை முன்வரிசையில் உட்கார வைப்பது மரியாதை. பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். சாமி பெயர்களும் சடங்குச் சொற்கள் சிலவும் போக, தமிழ் புரியாது. அதனால் பேச்சாளர் நாலு வாக்கியம் பேசினால் அப்பா அதை மலாயில் சொல்வார். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மலாக்காவிலேயே இருப்பவர்களிடம் போய், 'இதை உங்கள் நாடாக ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று நாள் தவறாமல் கேட்டுக்கொண்ட புத்திசாலிகள் எங்கள் மன்றத்தார். அவர்களும் முகம் கோணாமல் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாளை, பெரியவர்களை அழைக்கும் மலாய் வழக்கப்படி, மக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் தினமும் சாரோங் கெபாயா உடுத்தி, முதல் ஆளாக வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "இன்னைக்கு நீ மலாயில சொல்லும்மா" என்று என்னை மேடை ஏற்றினார். பேச்சாளர் சிரம்பானிலிருந்து வந்தவர். அடுக்குமொழியில் விளாசினார். அவர் ஐந்து நிமிடம் பேசியதை நான் இரண்டு வரியில் முடித்தேன், ஒன்றும் குறையவில்லை. நடுவில் அவர், "பெண்களின் பெயரையும் மறவாமல் பதியுங்கள், அவர்களும் இந்நாட்டுக் குடிமக்களே" என்றார். அதை மலாயில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "படிக்க ஆசைப்படும் பெண்ணின் பாரத்தை மேசை மேல் தூங்கவிடாதீர்கள். ஊருக்குப் பாரம் நிரப்பும் அப்பாக்கள் முதலில் தங்கள் வீட்டுப் பாரத்தை நிரப்பட்டும்" என்று நானாகச் சேர்த்துவிட்டேன்.

மக்சிக் எழுந்து, "பெத்துல்! பெத்துல்!" என்று கத்தினார். சரியாகச் சொன்னாய் என்று அர்த்தம். செட்டிப் பெண்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். பேச்சாளர் அது தனக்கு என்று நினைத்து, அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொன்னார். இந்த முறை நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. பாவம், மனிதர் ஊர் போய்ச் சேரும் வரை அதையே யோசித்திருப்பார்.

அப்பாவுக்கு இரண்டு மொழியும் தெரியும். மேடையோரம் தலை குனிந்து நின்றார். அவரை ஊர் நடுவில் வைத்துக் குத்திக்காட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று சீட்டு எடுத்தபோதும் அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பாரத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். பின்பக்கத்தைத் திருப்பி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். தகப்பனாரின் குடியுரிமை.

"இதுல என்னம்மா எழுதறது?" குரல் இன்னும் சரியாகவில்லை. "ஊருல இருக்கிறவங்களுக்கெல்லாம் எழுதிக் குடுத்தேன். என்னோடது இன்னும் எழுதலே."

கோப்பியைக் கீழே வைத்தேன்.

"நீ படிக்கப் போறதுல எனக்கு என்னம்மா கஷ்டம்? உனக்குப் பெட்டி வாங்கணும்னு அம்மாகிட்ட போன மாசமே சொல்லிட்டேன். இந்தக் கட்டத்துலதான் நின்னுட்டேன்."

அப்பாவைத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவர் அவருடைய அக்கா. பதினேழு வயதில் அப்பா கப்பல் ஏறியபோது, போய்ச் சம்பாதித்துத் திரும்பி வா என்று நாகப்பட்டினம் வரை வந்து அனுப்பினாராம். அந்த அத்தையை நான் பார்த்ததே இல்லை. அவர் கடிதத்துக்கெல்லாம் அப்பா எழுதும் பதில், அடுத்த வருடம் வந்துவிடுகிறேன் என்பதுதான். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். அவர் அதை நம்பித்தான் எழுதினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலமாரியிலிருந்து ஒரு குடியுரிமைப் பாரத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "நீ கேளு, நான் சொல்றேன்." பெயர், வேலை, வந்த வருடம் எல்லாம் மடமடவென்று சொன்னார். இந்நாட்டிலேயே நிரந்தரமாக வாழும் எண்ணம் உண்டா என்று வாசித்தேன். மற்றவர்களுக்காக அந்தக் கேள்வியை அவர் எத்தனையோ முறை வாசித்திருப்பார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"உண்டுன்னு எழுதும்மா" என்றார்.

அவரைத் தெரிந்தவர் என்று சாட்சிக் கையெழுத்துப் போட மக்சிக் எங்களோடு பண்டார் ஹிலிர் குடியுரிமைப் பதிவு அலுவலகத்துக்கு வந்தார். வரிசையில் அப்பா கூட்டங்களில் சொல்லி வரவைத்தவர்களே பாதிப் பேர். செயலாளருக்கு வழி விடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று கடைசியிலேயே நின்றார். பாரத்தைக் கொடுத்த பிறகு என் பாரத்தின் அந்தக் கட்டத்தில், குடியுரிமைக்கு விண்ணப்பித்துள்ளேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்வி இலாகாவுக்கு மிதித்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடுத்துவிட்டோம். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. திரும்பும் வழியில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்ததில் அது முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். "அக்காவுக்கு ஒரு கடுதாசி எழுதணும். நீ எழுதும்மா, எனக்குக் கை ஓடலே."

காகிதத்தோடு உட்கார்ந்தேன். எல்லாரும் சுகம் என்று ஆரம்பித்து, நான் படிக்கப் போவதையும் சொன்னார்.

"அடுத்த வருஷம் வர்றேன்னு எழுது" என்றார்.

எழுதினேன். காகிதத்தை வாங்கி அந்த வரியைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "விருந்தாளியா வர்றேன்னு எழுது" என்றார்.