வெயில் சீட்டும் என் வலது கன்னமும்

மூன்று மாதம் எனக்கு இரண்டு முகம் இருந்தது. அரசியலில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நான் பாவம், தொழிற்சாலையில் இருந்தேன். மூக்கின் நடுக்கோட்டுக்கு வலது பக்கம் கம்பெனிக்குச் சொந்தம், இடது பக்கம் எனக்கே எனக்கு.

வருஷம் ரெண்டாயிரம் ஆனால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று பெங்களூரே பயந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்பதால் பயமும் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியைக் கையில் பிடித்துக்கொண்டு பொம்மசந்திராவில் ஒரு சின்ன அழகுசாதனக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடிந்ததும் பர்மனென்ட் ஆக்குவார்களா, ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்களா என்பது மேடம் கையில் இருந்தது. மேடம்தான் முதலாளி. நாலு தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் தமிழ், சந்தோஷம் வந்தால் கன்னடம்.

ஒருநாள் எங்களையெல்லாம் லேபுக்குக் கூப்பிட்டு ஓர் ஆப்பிளை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியில் குட்டி பாட்டிலிலிருந்து நாலு சொட்டு சீரம் தடவினார், மறு பாதியைச் சும்மா விட்டார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், சும்மா விட்ட பாதி பழுப்பேறிக் கிடந்தது. தடவிய பாதி அப்போதுதான் வெட்டியது போல இருந்தது.

"நோடு, பாருங்க! வைட்டமின் சி. வெயிலும் புகையும் தோலைப் போட்டு அடிக்கும்போது, இது முன்னாடி போய் அந்த அடியை வாங்கிக்கும். அடி வாங்கி வாங்கிக் கடைசியில இதுவே பழுப்பாயிடும். அதான் கலர் பாட்டில், அதான் ஃபிரிட்ஜ்." அப்புறம் குரலை உயர்த்தினார். "வெள்ளையாக்குற க்ரீம்னு எவனாவது வெளியில சொன்னீங்க, தொலைச்சிடுவேன். இது முகத்துக்கு வயசாகாம பாத்துக்கற மருந்து. ஆப்பிள்ல பாத்தாச்சு. இனிமே மனுஷன்ல பாக்கணும். யார் வர்றீங்க?"

மூன்று பேர் கை தூக்கினோம். ஒருவருக்கு இரண்டாம் நாளே அரிப்பு வந்துவிட்டது. இன்னொருவரை, பாதி முகத்தோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார். மிச்சம் நான். எனக்கு அரிப்பும் இல்லை, மனைவியும் இல்லை. அன்றிலிருந்து கம்பெனியில் என் பெயர் ஆப்பிள்.

தினமும் காலையில் வலது கன்னத்தில் மட்டும் தடவ வேண்டும். ஏன் வலது? வலது கைக்கு அதுதான் பக்கம். விஞ்ஞானத்தில் என் சோம்பேறித்தனத்தின் பங்கு அங்கே தொடங்குகிறது. தடவிக்கொண்டு, நீலசந்திரா அறையிலிருந்து ஓசூர் ரோடுக்கு நடந்து வந்து கம்பெனி பஸ் பிடிப்பேன். கடைசி ஸ்டாப் என்னுடையது. பஸ் நிரம்பி வழியும். ஆனால் இடது வரிசையில் ஒரு ஜன்னல் சீட்டு எனக்காகவே காலியாக இருக்கும். சீனியர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அதைத் தொட மாட்டார்கள். சின்னப் பையன், வேடிக்கை பார்க்கட்டும் என்று பாசத்தோடு விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலமும் அதே பாசம், அதே சீட்டு. முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி போவேன், வருவேன்.

இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. மூன்றாவது மாதம் கண்ணாடி தேவைப்படவில்லை, தெருவே சொன்னது. முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "அண்ணா, பாதி சுவர் பெயின்ட் அடிச்சிட்டு மேஸ்திரி ஓடிட்டானா?" என்று கேட்டார். இடது பக்கம் கருத்து, கண்ணோரம் வறண்டு கோடு விழுந்திருந்தது. வலது பக்கம் பளிங்கு. மேடம் தினமும் என் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, "ஹௌதா! ஹௌதா!" என்று கன்னடத்திலேயே சந்தோஷப்பட்டார். சென்னையிலிருந்து டீலர் வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் சீரம் கடைக்குப் போகும், என் போட்டோ நோட்டீஸில் வரும். "ஆர்டர் கையெழுத்தானா உன் பர்மனென்ட் லெட்டரும் அன்னைக்கே" என்றார்.

டீலர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். கனவில் மிதந்துகொண்டே பஸ் ஏறியதில் என் ஜன்னலை மறந்து, டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் கிருஷ்ணகிரிக்காரர், என் வயசுதான்.

"இன்னா சார், இன்னிக்கு வெயில் சீட்டு வேணாமா?"

"வெயில் சீட்டா?"

"அட, நெஜமாவே தெரியாதா? காலையில தெக்கால போறோம், சூரியன் லெஃப்ட்ல. சாயங்காலம் வடக்கால வர்றோம், அப்பவும் சூரியன் லெஃப்ட்ல. போகச் சொல்லவும் வெயிலு, வரச் சொல்லவும் வெயிலு. அதான் பெரிய ஆளுங்கல்லாம் ரைட்ல குந்தினு தூங்குறாங்கோ. நீங்க ஒர்த்தர்தான் டெய்லி ஆசையா போய் குந்துவீங்க. பரிகாரம் போலன்னு நெனச்சிக்கினு சும்மா இருந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தேன். மெதுவாக இரண்டு கையையும் சேர்த்து நீட்டிப் பார்த்தேன். இடது கை கருத்திருந்தது. வலது கை பளிங்கு.

வலது கைக்கு நான் சீரமே போட்டதில்லை.

அறைக்கு வந்ததும் நேர்மையான மனிதன் என்ன செய்வானோ அதற்கு நேர்மாறாகச் செய்தேன். முழுக்கைச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டேன்.

மறுநாள் டீலர் வந்தார். பெரியவர். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, என்னை ஜன்னல் ஓரமாக நிறுத்தி, மாட்டுக்குப் பல் பார்ப்பது போல என் கன்னங்களைப் பார்த்தார். நான் முழங்கையை மடக்காமல் விறைப்பாக நின்றேன். மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தேன்.

"பிரமாதம் மேடம். தம்பி போட்டோவ பெருசா போட்டு நோட்டீஸ் அடிச்சிடலாம். ஓசூர் ரோடு பூரா ஒட்டுவோம். பஸ் முதுகுலகூட ஒட்டலாம்."

பஸ் முதுகு என்றதும் எனக்கு டிரைவர் முகம் ஞாபகம் வந்தது. என்னைப் பார்த்து ஊர் சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் முதலில் சிரிக்கும் உரிமை என்னுடையது. அதை ஒரு பஸ்ஸின் முதுகுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. இன்னொன்றும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வெட்கம்: அந்த நோட்டீஸைப் பார்த்து வாங்கப்போகிறவர்களில் யாரும் என் பஸ்ஸில் வந்து அந்த வெயில் சீட்டைப் பார்த்தவர்கள் இல்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்று இரண்டு கைப் பொத்தானையும் கழற்றி, சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டி, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தேன். சீட்டு, சூரியன், போக, வர, எல்லாவற்றையும் சொன்னேன்.

டீலர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். "யோசிச்சு லெட்டர் போடுறேம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

மேடம் தமிழில் ஆரம்பித்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம் மேடம்."

"காலையில வந்ததும் ஏன் சொல்லல?"

"காலையில முழுக்கைச் சட்டை போட்டுட்டேனே மேடம்."

முறைத்தார். அப்புறம் எதிர்பாராத விதமாக என் இடது கையை இழுத்தார். பேனாவை எடுத்து, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு கோடு போட்டார். "கோட்டுக்கு இந்தப் பக்கம், ஜன்னல்ல வைக்கிற முழங்கைப் பக்கம் மட்டும் சீரம். அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது. அதே பஸ், அதே சீட்டு. இன்னும் மூணு மாசம். உன் ப்ரொபேஷனும் இன்னும் மூணு மாசம்."

"வேலையை விட்டு அனுப்பலையா மேடம்?"

"அனுப்பிட்டு? இன்னொரு ஆப்பிளுக்கு நான் எங்க போறது?"

இந்த முறை மாசி, பங்குனி, சித்திரை. வெயில் ஜன்னலில் உட்கார்ந்து என்னைத் தின்றது. தெரிந்தே போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்த ஒரே ஆள் நான்தான். டிரைவர் தினமும் கண்ணாடியில் பார்த்துக் கும்பிடுவார். காலையில் தடவுவேன், குளித்தால் அழிகிற கோட்டைத் திரும்பப் போடுவேன். கை நடுங்கினால் கோடும் நடுங்கும். சீரத்தை மட்டும் தாண்ட விடமாட்டேன்.

மூன்றாம் மாத முடிவில் கை முழுக்கவே கருத்திருந்தது. ஆனால் பேனாக் கோட்டைத் துடைத்த பிறகும் அந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. மணிக்கட்டுப் பக்கம் சுருங்கி, தோல் உரிந்து, கரிந்து கிடந்தது. முழங்கைப் பக்கம் கருப்புதான், கொஞ்சம் இளங்கருப்பு, வழவழப்பு.

மேடம் எழுதிய லெட்டருக்கு டீலர் மறுபடி வந்தார். கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்ளோதானா தம்பி?"

"இவ்ளோதான் சார். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே ஜன்னல்ல வந்தது."

கையை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். முதலில் பேசியதில் பாதிகூட இல்லாத சின்ன ஆர்டர் ஒன்றைப் போட்டார். நோட்டீஸில் என் முகமும் இல்லை, கையும் இல்லை. அட்டைப்பெட்டியின் பின்னால் மட்டும் மேடம் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இதைத் தடவிய பிறகும் வெயிலில் குடை பிடிக்கவும்.' ஒரு மருந்து இவ்வளவு அடக்கமாகப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பர்மனென்ட் லெட்டர் அன்றைக்கே வந்தது.

சாயங்காலம் பஸ் ஏறினேன். சேதி எனக்கு முன்னாலேயே ஏறியிருந்தது. சீனியர் ஒருவர் நகர்ந்து வலது வரிசையில் இடம் விட்டார். "ஆப்பிள், இங்க வாப்பா."

உட்கார்ந்தேன். நிழல், குளுகுளு காற்று. எலெக்ட்ரானிக் சிட்டி வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டேன். என் ஸ்டாப் வந்ததும் போனதும் தெரியாது. டிரைவர் தட்டி எழுப்பியபோது பஸ் ஷெட்டில் நின்றிருந்தது.

"சார், வெயில் சீட்டுல குந்தி இருந்தா முழிப்பாவது இருந்திருக்கும்" என்றார்.