அன்புக்கரசிக்கு வராத சொற்கள்

"யக்கா, கீழ கெடக்குது பாரு... ரெண்டு காது இருக்கும், கடிக்குமே, அத்த எடு" என்று அன்புக்கரசி கையை நீட்டுகிறாள். ஜாக்கெட் வாங்க வந்த மீனம்பாள் குனிந்து கத்தரிக்கோலை எடுத்துத் தருகிறாள். செஞ்சி கடைத்தெருவில் அன்புக்கரசியிடம் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லோரும் இந்த விடுகதைக்குப் பழகியவர்கள். கொக்கி அவளுக்கு 'மாட்டிக்கறது', ஊசி 'குத்தறது'. ஆட்களின் பெயரும் சில நேரம் நழுவிவிடும், தைத்த அளவும் கழுத்து வெட்டும் நழுவாது. "படகுக் கழுத்து அக்கா வந்துட்டாங்க" என்பாள். வந்தவளும் சிரித்தபடி உட்காருவாள்.

முன்பெல்லாம் பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. கூடவே வலிப்பும் இருந்தது. பள்ளிக்கூட நாளில் தொடங்கியது. மாத்திரையை மாற்றினார்கள், கூட்டினார்கள், இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எதற்கும் அது அடங்கவில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போதே பார்வை நிலைகுத்தி, வாய் சப்புக்கொட்டி, அப்படியே சரிவாள். இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய வடு இன்னும் இருக்கிறது.

சென்னையில் ஒரு மருத்துவர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சிறு இடத்திலிருந்துதான் வலிப்பு கிளம்புகிறது, அதை எடுத்துவிடலாம் என்றார். வலிப்பு நிற்க வாய்ப்பு அதிகம், உறுதி சொல்ல முடியாது, பெயர்கள் கொஞ்சம் தடுமாறலாம் என்பதையும் மறைக்கவில்லை. அம்மா ராஜாம்பாள், "மண்டையத் தொறக்கறதா?" என்று எழுந்தேவிட்டாள்.

அன்புக்கரசிதான், "பேரு போனா போவுது சார். கையக் காட்டிக் கேட்டுக்கறேன். உழாம இருந்தா போதும்" என்றாள்.

விழவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் விழவில்லை. மாத்திரை மட்டும் தொடர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறி, பனமலை ஏரிக்கரையில் குச்சி ஐஸ் தின்றுவிட்டு வந்தாள். "யாரும் கூட வரல. சும்மாதான் போனேன்" என்று அதை ஊரெல்லாம் சொன்னாள்.

போன தையில் முகூர்த்த ஜாக்கெட்டுகள் குவிந்தன. தூக்கம் கெட்டது, மாத்திரையும் விட்டுப்போனது. மிஷின் முன்னாலேயே சரிந்தாள். கண் விழித்தபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்: "எல்லாம் வீணாப் போச்சே!"

மருத்துவர் வீணில்லை என்றார். மாத்திரையையும் தூக்கத்தையும் விடாதே என்றார். அன்புக்கரசி அதையே அம்மாவுக்குத் திருப்பிச் சொன்னாள். "வாரா வாரம் வந்தது, இத்தினி நாள் கழிச்சி ஒருவாட்டி எட்டிப் பாத்துட்டுப் போயிருக்குது. இதுல இன்னாம்மா வீணு?"

ராஜாம்பாளின் மனம் ஆறவில்லை. கடைக்குக் கூடவே வந்தாள், பஸ்ஸுக்குக் கூடவே வந்தாள். மகள் குளிக்கும்போது கதவைச் சாத்தவிடாமல் வெளியே நின்றாள். மாதக்கணக்கில் இதையெல்லாம் அன்புக்கரசி பொறுத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில், குளிக்கப் போனவள் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

"அன்பு! தொறடி!"

"பயப்படாதம்மா. சத்தம் குடுத்துனே குளிக்கறேன்."

சொம்பு வாளியில் இரண்டு முறை தட்டியது. தண்ணீர் ஊற்றும் ஓசை. மறுபடி டொக், டொக்.

கதவை இடிக்கத் தூக்கிய கையை ராஜாம்பாள் அப்படியே வைத்திருந்தாள். சொம்பு இன்னொரு முறை தட்டியதும், விரலை மடக்கிக் கதவில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, உலை வைக்கப் போனாள்.