அடுப்படியில் ஓர் ஓணான்

போன வாரம் என் மனைவி சரசு ஒரு ஓணானுக்காகப் பட்டினி கிடந்தாள். சிரிக்காதீர்கள். நானும்தான் கிடந்தேன் — சமைக்க ஆள் வேண்டாமா?

ஓணானின் பெயர் ராசா. தெருவில் யாரோ சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயில் மூக்குப்பொடியைத் திணித்து, அது கிறுகிறுத்துச் சுற்றுவதை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். சரசு சண்டை போட்டு வாங்கி வந்தாள். முன்னங்கால் ஒன்று விளங்கவில்லை. வேலி ஏற முடியாத ஓணானைக் காக்கை சும்மா விடுமா? நான் வேலை பார்க்கும் அச்சாபீசிலிருந்து காலிப் பெட்டி ஒன்று கொண்டுவந்தேன். அதுதான் அதற்கு வீடு. தினமும் வெட்டுக்கிளி பிடித்து ஊட்டுவாள். காலையில் வெயிலில் வைப்பாள். கல்யாணமான புதிதில்கூட எனக்கு இவ்வளவு உபசாரம் நடந்ததில்லை...

போன வாரம் அடைமழை. வெயிலே இல்லை. ராசா இரை எடுக்கவில்லை; கண்ணையும் மூடிக்கொண்டான்.

"வெயில் வந்தாச் சரியாயிரும்" என்றேன். சிவகாசிக்காரனுக்கு வேறென்ன தெரியும்? தீக்குச்சியோ, வெடியோ, லேபிளோ — எது ஈரமானாலும் வெயிலுக்குக் காத்திருப்போம். ஆனால் மழை விட்டபாடில்லை. ராசாவின் உடம்பு சில்லிட்டுப் போயிற்று.

"ஏங்க, மூச்சு இருக்கான்னு பாருங்க" என்று அழுதாள் சரசு. பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. ஒரு ஓணானுக்காக நான் சாமியைக் கும்பிடுவேன் என்று யார் கண்டது?

அந்த நேரம் பார்த்து என் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் ஆடு வளர்ப்பவள்.

"என்னலே, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீக?"

சொன்னோம். பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"குளிர்ல வெறைச்சிருக்கு. அடுப்புப் பக்கத்துல வச்சா என்ன?"

சரசு பதறிப்போனாள். "ஐயையோ மதினி! ஈரமானத யாராச்சும் அடுப்புக்கிட்ட கொண்டு போவாகளா?"

"ஏட்டி, இது ஓணான்! ஓலவெடி இல்ல!"

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆமாம்... ஓணான்தானே! பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிப்போன நெருப்பு எச்சரிக்கை, எங்கள் மூளைக்கே பூட்டுப் போட்டிருக்கிறது.

அக்கா அடுப்பை மூட்டினாள். தணல் விழுந்ததும், சற்றுத் தள்ளிச் சாக்கை மடித்துப் போட்டு, உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். "மழையில நனைஞ்ச ஆட்டுக்குட்டிய இப்பிடித்தான் போடுவோம்" என்றபடி ராசாவைக் கிடத்தினாள்.

மூவரும் குத்தவைத்துக் காத்திருந்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வால் நுனி அசைந்தது. ஒரு கண் திறந்தது. தலையைத் தூக்கி எங்களை முறைத்தானே ஒரு முறை! சரசு அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மதினி, நீங்க நல்லாருக்கணும்."

நானும் மனதுக்குள் அதையே சொன்னேன். நாங்கள் அடுப்பில்லாத வீட்டிலா குடியிருந்தோம்? ஆனால் அதைக் காட்டித் தர அவள்தானே பஸ் ஏறி வர வேண்டியிருந்தது.

படுக்குமுன் அடுப்பு அணைந்துவிட்டதா என்று ஒருதரம் எட்டிப் பார்ப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் வழக்கம். அன்றைக்கும் போய்ப் பார்த்தேன் — அணைந்துவிடக் கூடாதே என்று!