பூனை பார்க்கட்டும் என்று கட்டிய பெட்டி

"...அதனால ஒரு துணியப் போட்டு மூடி வையேன்மா, அதையே பாத்துப் பாத்து என் புள்ள சோறே துன்ன மாட்டேங்குது" என்றார் என் ஓரகத்தி.

புள்ள என்றால் பூனை. சாம்பல் நிறத்தில் தலையணை மாதிரி கொழுத்த கடுவன். அவருடைய மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் அதற்குத்தான் மகன் பட்டம். நான் குஞ்சுகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன். எங்கள் தெருக் கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்கார்ந்து தின்ற பிரியாணிகூட அந்த வார்த்தைகள் அளவுக்கு எனக்கு ருசித்ததில்லை.

ஏன் என்று சொல்கிறேன்.

ஆம்பூரில் எங்களுடையது அண்ணன் தம்பிக்குப் பிரித்த வீடு. முன்பாதி அவர்களுக்கு, பின்பாதி எங்களுக்கு, நடுவில் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான நடை. என் நாட்டுக்கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்த கொஞ்ச நாளிலேயே தெருநாய் அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. தாயில்லாக் குஞ்சுகளைக் கூடை போட்டுக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டு கம்பெனிக்குப் போனேன். நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. சாயங்காலம் வந்து பார்த்தால் குழவி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த ஐந்து மட்டும் மிச்சம். கடுவன் நடையில் காலை நீட்டிப் படுத்திருந்தது. அதன் மீசையில் மஞ்சள் பூம்பஞ்சு ஒட்டியிருந்தது.

"அக்கா, பாருங்க உங்க பூனையோட யோக்கியதைய" என்றேன்.

ஓரகத்தி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பெருச்சாளி வேலையா இருக்கும்மா. என் புள்ள கோழிக்குஞ்ச ஏறெடுத்தும் பாக்காது. அதுக்குப் பாலும் கருவாடும் இருந்தா போதும்."

குஞ்சு போனதைக்கூட ஒருவழியாகத் தாங்கியிருப்பேன். மீசையில் சாட்சி ஒட்டியிருக்கும்போதே பெருச்சாளியைக் கைகாட்டினாரே, அதுதான் எனக்குள் முள்ளாகத் தைத்தது. இந்த ஐந்தையும் கோழியாக்கி இவர் கண்முன்னால் மேயவிடாமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் பெட்டியை அடித்தவர் என் வீட்டுக்காரர். அவரும் ஷூ கம்பெனிதான், கட்டிங் பிரிவு. பழைய பலகை, உள்ளே உமி, மேலே பழைய குண்டு பல்பு. கதவுக்கு மட்டும் நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னது தோல். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரத்தின் மேல் நம்பிக்கை கிடையாது, இரும்பின் மேலும் கிடையாது. பை வார் அறுந்தாலும் தோல், நாற்காலி கிழிந்தாலும் தோல். கிலோ கணக்கில் கிடைக்கும் தோல் துண்டுகளில் நல்ல கனமானதாகப் பொறுக்கி, ஷூவுக்குப் போடுகிற நூலால் இரட்டைத் தையல் போட்டுத் தொங்கவிட்டேன். "பிரிச்சிடுவியா? எங்க, பிரி பாக்கலாம்" என்று கடுவனிடமே சவால் விட்டேன்.

பூனைக்குத் தையலைப் பிரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. தோலைக் கண்டதும் அதற்குக் கொண்டாட்டம். நகம் தீட்ட அதைவிட நல்ல இடம் ஏது? நாங்கள் வேலைக்குப் போன நேரமெல்லாம் பிறாண்டிப் பிறாண்டி, தோலை நார்நாராக்கி, கை நுழையும் அளவுக்கு வழி செய்துகொண்டது. ஐந்து நான்காயிற்று. நான் போட்ட தையல் மட்டும் அப்படியே நின்றது!

என் பக்கத்து மிஷினில் தைக்கிற வாணியம்பாடிக்காரம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "ஏன்டி, பூனைக்கு நகம் தீட்ட சோஃபா தச்சுக் குடுத்துட்டு இங்க வந்து அழுவுறியே!" என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. அழுத நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தகரம் அடி. நகம் வழுக்கும். அதுக்கே பேஜாராயிடும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சுத்தியலை எடுத்தேன். எண்ணெய் டின்களை வெட்டி நீட்டி மூன்று பக்கமும் தகரம். மூடிக்குக் கொண்டி, கொண்டிக்குப் பூட்டு.

"முன்பக்கமும் தகரத்தையே அடிச்சிடு, வேலை முடிஞ்சுது" என்றார் வீட்டுக்காரர்.

"முடியாது. முன்னாடி கம்பிவலை."

"ஏம்மே, வலை வழியா அது கைய விடுமே?"

"விடட்டும். உள்ள இன்னொரு வலை அடிக்கிறேன். நடுவுல ஒரு முழம் எடம் இருக்கும். கைய விட்டுத் துழாவட்டும், ஒண்ணும் மாட்டாது. ஆனா பாக்கணும். தெனம் பாக்கணும். பாத்தே சாவணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பூனை பாவம்டி. நீ ஆணி அடிக்கிற சத்தமே சரியில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. நடையில் கடுவன் வெயில் காயும் மூலைக்கு நேர் எதிரே வைத்தேன். பல்பு ஒயரை மட்டும் ஓரகத்தி கதவோரம் இருந்த நடை சுவிட்சில்தான் கொடுக்க முடிந்தது. முதல் நாள் அது தகரத்தில் நகத்தை வைத்து இழுத்தது. கிரீச்சென்ற சத்தத்தில் அதுவே பயந்து குதித்தது. அடுத்து வலைக்குள் தோள்வரை கையைவிட்டுத் துழாவியது. உள்ளே நான்கும் பல்பு வெளிச்சத்தில் உமியைக் கிளறிக்கொண்டு, இவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அப்புறம் அதற்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. வலைக்கு எதிரே உட்காரும், தாடை நடுங்கும், தொண்டைக்குள் கடகடவென்று ஒரு ஏக்கச் சத்தம் வரும். கருவாட்டுச் சோறு எறும்பு மொய்த்துக் கிடக்கும். தலையணை மெல்ல மெல்லத் துண்டு மாதிரி ஆயிற்று. வேலை விட்டு வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். முதுகுவலி பறந்துபோகும்.

இப்படி இருக்கும்போதுதான் ஓரகத்தி துணி கேட்டு வந்து நின்றார்.

நொய்யைப் போட்டு முடித்து, பூட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிதானமாகத் திரும்பினேன்.

"துணி போட்டா பல்பு சூட்டுல பத்திக்கும்க்கா. அது இருக்கட்டும், ஒண்ணு கேக்கறேன். உங்க புள்ள கோழிக்குஞ்ச ஏறெடுத்தும் பாக்காதே. இப்ப இன்னா அதையே பாக்குதுன்றீங்க?"

அவர் பூனையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், பல்பு ஒயர் போகிற வழியே போய் அவர் கதவோரம் இருந்த சுவிட்சில் நின்றது பார்வை. பனிக்காலம் அது. நான் கம்பெனியில் இருக்கும் நேரத்தில் அவர் அந்த பல்பை அணைத்துவைத்தால் நான்கும் விறைத்துப் போகும். அதற்குப் பூனையே வேண்டாம். நான் ஓடிப்போய் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒத்துக்கோங்கக்கா. பெருச்சாளி இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பெட்டிய என் சமையல்கட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்."

அவர் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். கருவாட்டுச் சோற்றுத் தட்டோடு திரும்பி வந்தார். முட்டிவலிக்காரர், சுவரைப் பிடித்துப் பிடித்துப் பெட்டிக்கும் பூனைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். இடது கையால் முந்தானையை அகலமாக விரித்து வலையை மறைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சோற்றைப் பிசைந்து பூனையின் வாய்க்கு நேரே நீட்டினார்.