அக்காவைத் துரத்திய சோளகம்

எங்கள் அக்கா வீட்டை விட்டுப் போய்விட்டார்.

பயப்படாதீர்கள்! சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. எழுபது வயதுக்கு மேல் கோபித்துக்கொண்டு சூட்கேஸ் தூக்க எங்கள் முழங்கால் இடம் கொடுக்காது. அக்காவைத் துரத்தியது நானல்ல... காற்று.

தீவுப்பகுதி வாசகர்களுக்குச் சோளகத்தைப் பற்றி நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து ஒரு காற்றுப் புறப்படும். புரட்டாதி வரை ஓயாது. கொடியில் போட்ட சேலையை அடுத்த வளவில் போய்ப் பொறுக்க வேண்டும். வரும்போது சும்மா வராது, மண்ணையும் அள்ளிக்கொண்டுதான் வரும். மற்றவர்கள் சாட்டிக் கடற்கரைக்கு பஸ் பிடித்துப் போகிறார்கள். கரம்பொன்னில் எங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. கடற்கரை தானாக வந்து எங்கள் கட்டிலில் படுத்துக்கொள்ளும்.

வீடு எங்கள் தகப்பனார், அப்பு கட்டியது. வரிசையாக மூன்று அறை, முன்னால் விறாந்தை, பின்னால் ஒட்டினாற்போல் சமைக்கக் குசினி. கல்லுச் சுவர், ஓட்டுக் கூரை. எல்லாம் நல்ல உறுதி. ஆனால் சுவர் முடிகிற இடத்துக்கும் கூரை தொடங்குகிற இடத்துக்கும் நடுவே, ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி! கேட்டால் காற்றோட்டமாம். பங்குனி, சித்திரையில் அது காற்றோட்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. சோளகத்தில் மண்ணோட்டம்.

அக்காவுக்கு முட்டு வருத்தம். தூசு பட்டால் மூச்சு இழுக்கும், நெஞ்சு விசில் அடிக்கும். நாற்பது வருடம் பண்டாரவளைக் குளிரில் இருந்தவர். அத்தானுக்கு அங்கே கடை. இனக்கலவரத்துக்குப் பிறகு கட்டின சேலையோடு வந்து இந்த வீட்டுப் படியேறினார். அத்தானும் இல்லை, என் அவரும் இல்லை, பிள்ளைகள் திக்குத் திக்காக. இரண்டு கிழவிகள், ஒரு அடுப்பு, நாள் முழுக்கக் கதை. என் வாழ்க்கையில் இதுதான் நல்ல காலம் என்றால் நம்புவீர்களா?

அந்த நல்ல காலம்தான் சூட்கேசோடு பக்கத்து வளவுக்குப் போனது!

பக்கத்து வளவு எங்கள் மச்சாளுடையது. என் கணவரின் தங்கை. மகன் ஜேர்மனியிலிருந்து அனுப்ப, போன வருடம் பிளாட் வீடு எழும்பியது. சிமெந்துக் கூரை, கண்ணாடி யன்னல். மூடினால் மூடினதுதான், ஒரு மண் துகள் உள்ளே போகாது. சோளகம் முடியும் வரைக்கும் என்றுதான் அக்கா போனார். ஆனால் மூன்றாம் நாளே மச்சாள் வேலியடிக்கு வந்தார்.

"மச்சாள், அக்காவுக்கு எங்கட வீடு நல்லாய்ப் பிடிச்சுக்கொண்டுது. இருமல் சத்தமே இல்லை."

"நல்லது," என்றேன்.

"எனக்கும் தனிய இருந்து அலுத்துப்போச்சு. சோளகம் முடிஞ்சாலும் அவ இஞ்சையே இருக்கட்டும். உந்த ஓட்டை வீட்டிலை வைச்சு என்ன செய்யப் போறீர்?"

ஓட்டை வீடாம்!

மச்சாளில் பிழை சொல்ல மாட்டேன். துணை தேடாத மனிசர் யார்? ஆனால் அது என் அக்கா. நான் பிறந்த வீடு. விட்டுக்கொடுக்கிற ஆளா நான்? அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வீட்டைத் திருத்தினால் வருவியளோ?"

"எனக்கு மட்டும் ஆசையில்லையே தங்கச்சி? ஆனால் மூச்சு விட ஏலாமல் கிடக்கே... மூச்சு விடுற மாதிரிச் செய், உடனை வாறன்."

சரி, திருத்துவது என்று முடிவு. எங்கே தொடங்குவது?

வழியைக் காட்டியது சாம்பிராணி. வெள்ளிக்கிழமை பின்னேரம் வழக்கம்போல் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டு போனேன். மேற்குப் பக்க யன்னலடிக்குப் போனதும் புகை சடாரென்று திரும்பி என் முகத்திலேயே அடித்தது. ஒரு அடி தள்ளி நின்றேன், நேராக எழும்பியது. மறுபடி கிட்டப் போனேன், மறுபடி முகத்தில்! கதவடியில் பிடித்தேன். கீழேயிருந்து யாரோ ஊதுவதுபோல் கலைந்தது. எனக்குப் பிடிபட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு, புகைதானே சட்டை? அது எந்த வழியால் நுழைகிறது என்று புகை சொல்லும்.

அன்று எங்கள் வீட்டில் சுவாமிக்குக் காட்டினது கொஞ்சம், சுவருக்குக் காட்டினதுதான் அதிகம். புகை கலைந்த இடமெல்லாம் தட்டிலிருந்த திருநீற்றைத் தொட்டு அடையாளம் வைத்தேன்.

அடுத்த நாள் மேசன் இராசையா வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னம்மா, வீட்டுக்குத் திருநீறு போட்டிருக்கிறியள்? சுவருக்குக் காய்ச்சலோ?"

"ஓம், காய்ச்சல்தான். பொட்டுப் பொட்டாய் இருக்கிற இடமெல்லாம் அடையும்."

சுண்ணாம்பும் மணலும் குழைத்து, தென்னந்தும்பு சேர்த்து, சுவர் உச்சி இடைவெளியைச் சுற்றிவர அடைத்தார். யன்னல் பலகை வெடிப்புகளில் என் பழைய சேலைக் கிழியலை நான் இறுக்கினேன். கதவோரங்களில் பழைய சைக்கிள் ரியூப்பை வார் வாராக வெட்டி ஆணி அடித்தோம். கதவைச் சாத்தினால் 'ப்ச்' என்று முத்தம் கொடுக்கிற மாதிரிச் சத்தம்! அதைக் கேட்பதற்காகவே நான் பத்துத் தரம் சாத்தினேன்.

காற்றுச் சரி. வெக்கை? ஓடு சூடேறினால் மத்தியானத்தில் அறைக்குள் அப்பம் சுடலாம். சீலிங் போட வேண்டும். பலகைக்கு எங்கே போவது? பனஞ்சிலாகையில் சட்டம் அடித்து, பனையோலைப் பாய் இரண்டு தட்டு. நடுவில் மெத்தை மாதிரி ஏதாவது நிரப்ப வேண்டும். நான் யோசித்தது சாதாழை. கடற்கரையில் ஒதுங்குமே, அந்தக் கடற்புல். கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போக அலசி, வெயிலில் சருகாகக் காயவைத்து வைத்திருந்தேன்.

இராசையா இடுப்பில் கை வைத்தார்.

"தோட்டத்திலை புகையிலைக்குப் பசளையாய்த் தாழ்க்கிறதை முகட்டிலை ஏத்தச் சொல்லுறியள். மேலை புகையிலை நடப்போறியளோ?"

"நட்டால் முதல் சுருட்டு உமக்குத்தான். ஏத்தும்!"

ஏற்றினார். மத்தியானம் நடு அறைக்குள் போய் நின்று பார்த்தேன். வெளியே சோளகம் பனைகளைப் பிடித்து உலுப்புகிறது, உள்ளே தூசு இல்லை, தலைக்கு மேல் வெக்கை இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அன்று என்னை ஒரு இஞ்சினியர் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவை அழைத்தேன். துணைக்கு மச்சாளும் வந்தார். துணைக்கா, வேடிக்கை பார்க்கவா என்று எனக்குத் தெரியாதா? வரட்டும், பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன். இரண்டு பேரையும் நடு அறைக் கட்டிலில் இருத்தி, கதவைச் சாத்தி... 'ப்ச்'... சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்தேன்.

"பாருங்கோ இப்ப. ஒரு இடத்திலையும் புகை கலையாது!"

கலையவில்லை. மேற்குச் சுவரில் கலையவில்லை, கதவடியில் கலையவில்லை, யன்னலில் கலையவில்லை. நேராக எழும்பியது, பாயில் முட்டியது, அங்கேயே நின்றது. இன்னும் கொஞ்சம் எழும்பியது, அதுவும் நின்றது. குசினியில் நான் அணைக்காமல் விட்ட அடுப்பும், தட்டோடு நான் கதவைத் திறந்து வந்தபோதே தன் பங்குக்குக் கொஞ்சம் அனுப்பிவைத்திருந்தது. எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்ல இறங்கி, எங்கள் தலைக்கு வந்தது.

அக்கா இருமத் தொடங்கினார். விசில் சத்தம் கேட்டது. நான் கதவை இழுக்கிறேன், ரியூப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது!

ஒருமாதிரி மூன்று பேரும் விறாந்தையில் வந்து விழுந்தோம். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டை அடைக்கிறன் எண்டு கிழவியையும் சேர்த்தெல்லோ அடைக்கப் பாத்தீர்!"

அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். போச்சு... இனி இந்தப் படியை மிதிக்கவே மாட்டார் என்றுதான் நினைத்தேன். மூச்சுச் சீரானதும் அக்கா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"எடியே, புகைபோக்கி எங்கை?"

"என்ன புகைபோக்கி?"

"பண்டாரவளையிலை நாங்கள் இருந்தது வெள்ளைக்காரன் கட்டின வீடு. குளிருக்கு எல்லாத்தையும் இறுக்கி அடைச்சிருக்கும். ஆனால் அறைக்கு அறை புகைபோக்கி. உள்ளை நிண்ட காத்து அதாலை போயிடும். நீ அடைக்கிறதை மட்டும் அடைச்சிருக்கிறாய்!"

பார்த்தீர்களா? நான் தீவுக்காரி. எனக்குத் திறந்த வீடுதான் தெரியும். அடைக்க வெளிக்கிட்டபோது அடைப்பது ஒன்றே வேலை என்று நினைத்துவிட்டேன். சாம்பிராணி அன்றைக்கே சொன்னது, கிழக்குச் சுவரடியில் புகை மேலே ஏறி அமைதியாக வெளியே நழுவிப் போனது. அதையும் ஓட்டை என்று எண்ணி, அதற்கும் ஒரு திருநீற்றுப் பொட்டு வைத்துவிட்டேன்! காற்று வரும் வழியும் போகும் வழியும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது.

விடிந்ததும் இராசையாவைக் கூப்பிட்டேன்.

"பூசச் சொன்னதும் நீங்கள், இடிக்கச் சொல்லுறதும் நீங்கள்," என்றார்.

"ஓம், ரெண்டும் நான்தான். கதைக்காமல் இடியும்."

கிழக்குச் சுவரின் உச்சியில், சோளகம் எட்டிப்பார்க்காத பக்கத்தில், அறைக்கு ஒரு வழி திறந்தோம். காற்று வருவதற்கு வடக்குப் பக்கத்து யன்னலில் ஒரு பலகையை எடுத்துவிட்டு, நனைத்த சாக்குத் தொங்கவிட்டேன். தூசு சாக்கோடு நின்றுவிடும், குளிர்ச்சி மட்டும் உள்ளே வரும். குசினிப் பக்கக் கதவு இறுக்கியபடியே இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க மனமில்லாமல், செவ்வாய்க்கிழமையே சாம்பிராணி போட்டேன். புகை எழும்பியது, ஒரு கணம் யோசித்தது, பிறகு கிழக்குப் பக்கம் சாய்ந்து, நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி ஆரவாரமில்லாமல் வெளியே போனது. நான் கைதட்டினேன். உண்மையாகத்தான், தனியாக நின்று கைதட்டினேன்!

சில வீடுகளில் மனிசருக்கே வெளியே போக ஒரு வழி வைப்பதில்லை. நாங்கள் காற்றுக்காவது வைத்தோமே?

அக்காவைக் கூப்பிட இந்த முறை கொஞ்சம் பயம்தான். வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடு அறையில் சரிந்தார். நான் கதவோரம் நின்று விசில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தேன். வெளியேதான் காற்று விசிலடித்தது. அக்கா அல்ல. பின்னேரத் தேத்தண்ணிக்கு நான் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

"தங்கச்சி," என்றார் கண்ணைத் திறக்காமலே, "மச்சாளிட்டைச் சொல்லி என்ர சூட்கேசை எடுப்பி."

சூட்கேசை மச்சாளே கொண்டுவந்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. வைத்துவிட்டுப் போக வந்தவர், ஒரு நிமிடம் என்று கட்டில் நுனியில் இருந்தார். மேலே பார்த்தார். பாயைப் பார்த்தார். சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கட பிளாட் மத்தியானத்துக்குப் பிறகு பாண் சுடுற போறணை மாதிரி, மச்சாள். இஞ்சை... உதென்ன இப்பிடிக் குளிருது?"

"புகையிலைத் தோட்டம்," என்றேன்.

அக்கா சிரித்தார். மச்சாளும் சிரித்தார். சிரித்தவர் தேத்தண்ணி குடித்தார், இன்னொன்றும் குடித்தார், பிறகு "கொஞ்சம் முதுகைச் சாய்ப்பம்" என்றார். இது நடந்தது போன கிழமை. இன்னும் சாய்த்தபடிதான்.

சீலிங் போட்டது நடு அறைக்கு மட்டும்தான், மற்ற இரண்டும் போறணை. நடு அறையில் கட்டில் இரண்டுதான் கொள்ளும். அதனால் இப்போது வீட்டுக்காரி நான் விறாந்தையில்... சோளகத்தோடு!